புலிக்குப் பின்னால் ஒரு சர்க்குலர்

முற்றுப்புள்ளியைக் கண்டு பயந்த மனிதர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். பாம்பு, பல்லி, பொண்டாட்டி என்று ஆளுக்கு ஒரு பயம் இருக்கும். சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு நெருப்புப் பொறி என்று ஒரு பயம் கூடுதல். எங்கள் 'மற்றும் சாருக்கு' இதில் எதுவும் கிடையாது. ஒரு வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் மனிதருக்கு வேர்த்துவிடும். உடனே ஒரு 'மற்றும்' போட்டு, அதைக் காப்பாற்றி, கைத்தாங்கலாக அடுத்த வரிக்குக் கூட்டிப்போய்விடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மற்றும் சார். டீக்கடையில்கூட "ஒரு டீ மற்றும் ஒரு வடை" என்பார். கடைக்காரர், "அப்புறம் சார்?" என்று கேட்டுவிட்டு நிற்பார். அப்புறம் ஒன்றும் இருக்காது. இவர் வடையைத் தின்றுகொண்டே யோசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. விஸ்வநத்தம் ரோட்டில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தீப்பெட்டிக்கு லேபிள், தீபாவளி முடிந்தால் காலண்டர். எங்கள் முதலாளிக்கு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆபீஸ் மொத்தமும் மற்றும் சார் தலையில். ரசீது போடுவது, மணி அடிக்கிறவர் வராத நாளில் மணி அடிப்பது, வாரம் தவறாமல் பெற்றோருக்குச் சர்க்குலர் எழுதுவது. முதல் இரண்டு வேலைகளையும் அவர் நன்றாகவே செய்தார்.

மூன்றாவது வேலைக்கு ஒரு மாதிரி தருகிறேன். இதை டைப் அடித்த கை இன்னும் வலிக்கிறது.

"அன்புடையீர் வணக்கம் மற்றும் தங்கள் பிள்ளை நமது பள்ளியில் சீரும் சிறப்புமாகப் பயின்று வருவது தாங்கள் அறிந்ததே மற்றும் மேற்படி பிள்ளைக்கு நகம் மற்றும் தலைமுடி வெட்டி பெற்றோர் கையெழுத்து இட்டு மற்றும் மழைக்காலம் என்பதால் குடை கொடுத்து அனுப்பத் தவறும் பட்சத்தில் பெற்றோர் மீது நிர்வாகம் மற்றும் தண்ணீர் பாட்டில்"

அவ்வளவுதான். அதற்கு மேல் காகிதம் இல்லை. ஒரு சர்க்குலருக்கு ஒரு துண்டுக் காகிதம் என்பது முதலாளி உத்தரவு. துண்டு தீர்ந்த இடத்தில் சர்க்குலரும் தீரும். மறுநாள் ஒரு தகப்பனார் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சார், நிர்வாகம் மேல வந்தாக்கூடப் பரவாயில்ல, பேசிக்கிருவோம். அந்தத் தண்ணி பாட்டிலு எதுக்கு சார் எம்மேல விழுது?"

மற்றும் சாருக்குக் கோபம் வரவில்லை. "அடுத்த வாரம் தெளிவா எழுதுதேன்" என்றார். அடுத்த வாரமும் எழுதினார். ஏன் கேட்கிறீர்கள்.

ஒரு தரம் நானாக ஒரு முற்றுப்புள்ளியைத் திருட்டுத்தனமாக உள்ளே விட்டுப்பார்த்தேன். புரூஃப் பார்க்க வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் காகிதத்தைத் தட்டினார்.

"தம்பி, இங்கன ஏன் ஒரு எறும்பு நிக்குது?"

"முற்றுப்புள்ளி சார். அங்கன ஒரு சேதி முடியுது."

"எடுத்துருங்க. பெத்தவுககிட்டப் பேசும்போது இப்படி வெட்டுனு நிறுத்தப்படாது. வீடு தேடி வந்தவுக மொகத்துல கதவச் சாத்துன மாதிரி இருக்கும்."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வருமுன் அவர் லாரி புக்கிங் ஆபீசில் சரக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே இதுதான் எழுதுகிற முறை. 'சரவெடி பெட்டி மற்றும் கம்பி மத்தாப்பு மற்றும் புஸ்வாணம் மற்றும்' என்று நிறுத்தாமல் விடவேண்டும். லாரி கிளம்பி, கிளீனர் தொத்தி ஏறிய பிறகும் ஒருத்தர் சைக்கிளில் பெட்டியோடு ஓடி வருவார். "லோடு முடிஞ்சிருச்சுன்னு எழுதிட்டா அந்தப் பெட்டிய எங்க ஏத்துறது? பெத்தவுகளுக்கும் அப்படித்தான் தம்பி. கடைசியா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கும். எடம் விட்டு வைக்கணும்" என்றார். அவர் எழுதிய ஒவ்வொரு சர்க்குலரும் கிளம்ப மறுத்து நின்ற ஒரு லாரி.

காகிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதற்கென்று வெள்ளைத்தாள் வாங்க முதலாளி என்ன பைத்தியமா? பிரஸ்ஸில் கலர் விலகிப்போன லேபிள் ஷீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். புலி ஒரு பக்கம், அதன் வரிகள் ஒரு பக்கம் என்று விழுந்திருக்கும். அவற்றைப் படத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, வெறும் முதுகில் சர்க்குலரை அடித்து, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிவிடுவோம். முன்னால் புலி, பின்னால் மற்றும் சார். படிக்கிற வீடு ஒன்றுகூட இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சந்தேகம் உண்டு. சர்க்குலரைப் படிக்காத பெற்றோரைக் கண்டித்து ஒரு சர்க்குலர் எழுதினார். அதையும் யாரும் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். அந்தத் துண்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து பட்டாசுக் குழாய் சுருட்டப் போய், தீபாவளியன்று எந்தெந்த ஊர் வாசலிலோ வெடித்துச் சிதறியிருக்கும். இந்தியா முழுக்கப் போய்ச்சேர்ந்த எழுத்து என்றால் அவருடையதுதான்.

இந்த அலுப்பு இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் பேச்சியக்கா என் கண்ணைத் திறந்தார். எங்கள் தெருவில் குடியிருந்தவர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேனில் வேலைக்குப் போவார். மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. ஒருநாள் சும்மா கேட்டேன்.

"அக்கா, நேத்து வந்த சர்க்குலரப் படிச்சீகளா?"

"படிக்க என்னத்துக்கு? புலி போட்டிருந்துச்சு. பீஸு."

"எழுத்தப் பாக்கவே இல்லையா?"

"அந்த எழுத்தையா? ஏந்தம்பி, நாள் பூரா குத்தவச்சுத் திரி சொருகிட்டு வாறேன். வந்து சோறாக்கணும், துணி தொவைக்கணும். அதுக்கு மேல அந்த மனுசன் விடுற ரயில்ல எங்கன ஏறி எங்கன எறங்குறது? படத்தப் பாத்தாப் போதும். புலின்னா பீஸு. கிளின்னா லீவு. முருகன்னா பரீட்ச, சாமி கும்பிட்டு அனுப்பச் சொல்லுதாக. ரோசாப்பூன்னா ஆண்டு விழா. புள்ளைக்குப் பவுடரு போட்டு சலங்கை கட்டணும்."

"இத யாருக்கா சொன்னா?"

"யாரு சொல்லணும்? வேன்ல எல்லாத்துக்கும் தெரியும். இம்புட்டு வருசத்துல ஒரு தடவகூடத் தப்புனதில்ல."

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பாதுதான், எப்படித் தப்பும்? பள்ளிக்கூடம் திறந்து பீஸ் கேட்கிற மாதங்கள்தான் தீபாவளிக்குப் புலி லேபிள் ஓடுகிற மாதங்கள். மழையில் லேபிள் வேலை படுத்துத் தீப்பெட்டிக் கிளி மட்டும் ஓடும், அப்போதுதான் மழை லீவு. காலண்டர் முருகன் ஓடுகிறபோது அரைப்பரீட்சை. நோட்டுப் புத்தக அட்டைக்கு ரோஜா ஓடுகிறபோது ஆண்டு விழா. எந்த இயந்திரத்தில் என்ன கழிந்ததோ அதை வெட்டி அனுப்பினோம். ஊர் அதை ஒரு பாஷையாகவே படித்து, பிள்ளைகளைச் சரியான நாளில் சரியான சட்டையோடு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை மற்றும் சாரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவேண்டிய நாள் ஒரு ஆவணி மாதத்தில் வந்தது.

பள்ளிக்கூடத்து அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரிகள் வருவதாகத் தகவல். சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து ஊரில் இன்னொரு பள்ளியைப் பார்த்துவிட்டு வருவார்களாம். அந்த நேரம் பெற்றோர் கூட்டம் நிறைந்து நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மற்றும் சாரைப் பிரஸ்ஸுக்கே வரச்சொல்லி, என் முன்னாலேயே சொன்னார்.

"போன கூட்டத்துக்கு யாரு வந்தா? நீங்க, நானு, வாட்ச்மேன் சம்சாரம். அந்தம்மாவும் கூட்டத்தான் வந்துச்சு. இந்தத் தடவ ஆபீசருக முன்னால பெஞ்சு காலியா கெடந்துச்சுன்னா, திங்கக்கெழம நீங்க ஆபீசுக்கு வரவேண்டாம். வேற ஆளப் பாத்துக்கிருதேன்."

மற்றும் சாருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். லாரி ஆபீசுக்குத் திரும்பிப் போக முடியாது, அங்கே இப்போது கம்ப்யூட்டர். அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார் பாருங்கள் ஒரு சர்க்குலர்! அவர் எழுதியதிலேயே நீளமானது. கல்வி, ஒழுக்கம், அதிகாரிகளின் வருகை, கழிப்பறை என்று எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார். நான் டைப் அடித்துவிட்டு, காகிதம் பார்க்க உள்ளே போனேன். சீசன் உச்சம். திரும்பிய பக்கமெல்லாம் புலி.

வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன். பேச்சியக்கா சொன்ன புலி, கிளி, முருகன், ரோஜா எல்லாவற்றையும். "இத அனுப்புனா பீஸ் கேக்காகன்னு ஒரு ஆள் இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காது சார்" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். புலியைத் திருப்பினார், எழுத்தைப் பார்த்தார். மறுபடி புலி.

"அப்ப இத்தன வருசமா நான் எழுதுனத…"

"படத்துக்குப் பின்னாடி ஏதோ இருக்குன்னு தெரியும் சார் அவுகளுக்கு" என்றேன். ஆறுதல் சொல்கிற லட்சணம்.

அப்புறம் நானே ஒரு யோசனை சொன்னேன். உள்ளே அடியில் பழைய ரோஜாக் கட்டு ஒன்று கிடக்கிறது, அதில் அடித்துவிடலாம். ஊரே சலங்கை கட்டிக்கொண்டு வரும். மற்றும் சார் எழுந்துவிட்டார்.

"ரோசாப்பூவக் காட்டிப் புலிக்குக் கூப்பிடுறதா? அது ஏமாத்து வேல தம்பி. புலியிலயே அடிங்க."

அடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது என் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் அந்தச் சர்க்குலர். "தம்பி, நீங்க சொன்ன அந்தம்மா போற வேனு எங்கன நிக்கும்?"

பஸ் ஸ்டாப்பில் நின்றது. உள்ளே பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் தூக்குவாளி, வாயில் கொட்டாவி. பேச்சியக்கா ஜன்னலோரம். மற்றும் சார் படியில் ஏறி நின்று, "எல்லாருக்கும் வணக்கம், ஒரு அறிவிப்பு வாசிக்கணும்" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"வாசிங்க சார். ஆனா இது பட்டாசு வேனு, சூடா எதுவும் வாசிச்சிராதீக."

ஆரம்பித்தார். அன்புடையீர் வணக்கம் மற்றும். மூச்சு விடவில்லை. வேன் கிளம்பிவிட்டது. நானும் தொற்றிக்கொண்டேன். வயக்காடு போனது, ஒரு சோதனைச்சாவடி போனது, கல்வியும் ஒழுக்கமும் போயின. தூங்காமல் இருந்தவர்களும் தூங்கினார்கள். கழிப்பறை வருகிற இடத்தில் அவருக்கே வழி தவறிவிட்டது. எங்கே தொடங்கினோம், யாரிடம் என்ன சொல்ல வந்தோம் என்று தெரியாமல், ஒரு 'மற்றும்' மேல் கால் வைத்தபடி நின்றுவிட்டார். வேர்த்துக் கொட்டியது.

பேச்சியக்கா கேட்டார். "சார், ஒரே ஒரு சேதி சொல்லுங்க. நாங்க வரணுமா, வேண்டாமா?"

மற்றும் சார் காகிதத்தைப் பார்த்தார். அதில் அது இல்லை. மடித்துப் பையில் வைத்தார்.

"வாங்கம்மா" என்றார். "நீங்க வரலேன்னா எனக்கு வேல இல்ல."

தூங்கினவர்கள்கூட முழித்துக்கொண்டார்கள்.

"அட, இத மொதல்லயே எழுதப்படாதா சார்?"

"இத எப்படிம்மா சர்க்குலர்ல போடுறது?"

வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் ஆலை வாசலுக்கு முன்னாலேயே எங்களை இறக்கிவிட்டு, "திரும்பிப் போற பஸ்ஸு இந்நேரத்துக்குக் கெடையாது சார், நடக்கணும்" என்றார். நடந்தோம். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். பெஞ்சுகள் வரிசையாக, துடைத்துச் சுத்தமாக, காலியாக இருந்தன. முதலாளி வாட்சைப் பார்ப்பதும் மற்றும் சாரைப் பார்ப்பதுமாக இருந்தார். வாட்ச்மேன் சம்சாரம் கூட்டிக்கொண்டிருந்தது. அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்தும் ஒன்று வந்தது. வேன் வேனாகச் சேதி போயிருக்கிறது. வீட்டுக்குப் போகாமல், முகம் கழுவாமல், கையிலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் மின்ன, எல்லாரும் இறங்கினார்கள்.

இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரிகளின் ஜீப் வந்தது. கேட்டை அடைத்துக்கொண்டு வெள்ளிப் பவுடர் பூசிய ஒரு கூட்டம் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து, ஜீப்பை விட்டு இறங்காமலே ஓர் அதிகாரி கேட்டார். "என்னங்க, ஏதும் ஸ்டிரைக்கா?"

மற்றும் சார் கேட்டுக்கு ஓடினார். "ஏம்மா, உள்ள வாங்க!"

பேச்சியக்கா கூட்டத்துக்குத் தலைமை தாங்கி முன்னால் நின்றார். கையில் அந்தத் துண்டு. "சாருக்காகத்தான் வந்திருக்கோம். ஆனா புலி போட்டிருக்கே. உள்ள வந்தா பீஸு கேப்பாகளா?"

மற்றும் சார் முதலாளியைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. ஜீப்பிலிருந்து அதிகாரிகளும் பார்த்தார்கள்.

"சேச்சே" என்றார் முதலாளி. "இன்னைக்கு யாரு பீஸு கேக்கப்போறா? வாங்க, எல்லாரும் வாங்க." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்த இடமெல்லாம் வெள்ளி ரேகை. வரவேற்புரை மற்றும் சார். பிழைத்துவிட்டோம் என்ற தெம்பில் மனிதர் புறப்பட்டார் பாருங்கள், வெளிச்சம் மங்கி டியூப்லைட் போடுகிற வரை வாக்கியம் முடியவில்லை. அதிகாரிகளின் டீயில் ஆடை படிந்தது. நாள் முழுக்க வேலை பார்த்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். 'பெற்றோர் அமைதியாகவும் கவனமாகவும் கேட்டனர்' என்று அதிகாரி எழுதியதாக முதலாளி பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலை தப்பியது. சர்க்குலரும் தப்பியது. திங்கட்கிழமை நன்றி தெரிவித்து ஒன்று வந்தது. அதில் நன்றி என்ற சொல் வருவதற்குள் காகிதம் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடங்கள் ஓடின. அப்புறம் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி வந்து, பெற்றோர் செல்போனுக்கே எஸ்.எம்.எஸ். போகும் என்றார்கள். நறுக்கென்று இரண்டு வரி, கச்சிதமாகப் புள்ளி, படம் கிடையாது. மற்றும் சாருக்கு இனி வேலையில்லை என்று முதலாளி சொன்னார். இந்த முறை அவர் நல்லபடியாகவே சொன்னார், ஒரு வேட்டி சட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

கடைசிச் சர்க்குலரை டைப் அடிக்கக் கொண்டுவந்தார். சீருடை, மழைக்கோட்டு, தடுப்பூசி என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில், மழைக்கோட்டுக்கும் தடுப்பூசிக்கும் இடையில், 'இம்மாதத்துடன் அடியேன் விடைபெறுவதால் மற்றும்' என்று ஒரு மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார் மனிதர். புலிக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் உள்ளே போய், அடியில் கிடந்த ரோஜாக் கட்டை இழுத்துத் தூசி தட்டி எடுத்தேன். புரூஃப் பார்க்க வந்தவர் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஏமாற்று வேலை என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

சாயங்காலமே பேச்சியக்கா சர்க்குலர்த் துண்டோடு வந்துவிட்டார். "ஏந்தம்பி, இந்த மாசத்துல எங்கன ஆண்டு விழா? ரோசாப்பூ வந்திருக்கு?"

"சாரு போறாரு அக்கா."

அவர் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மற்றும் சாரின் கடைசி நாள் ஒரு வேலைநாள். சீசனில் யாருக்கும் லீவு கிடையாது, விழா எதுவும் நடக்கவில்லை. காலையில் அவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார், நான் ரசீது புத்தகங்களைக் கொடுக்க வந்திருந்தேன். வெம்பக்கோட்டை போகிற வேன் அந்தப் பக்கம் வருகிற வழக்கமே இல்லை. அன்று சுற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன.

"போயிட்டு வாங்க சார்" என்றார் பேச்சியக்கா. பின்னாலிருந்த ஜன்னல்களும் அதையே சொல்லின.

மற்றும் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். வாயைத் திறந்தார். ஒரு பக்க நீளத்துக்குப் பேச்சு வரப்போகிறது என்று நான் ரசீது புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றேன்.

"சரிம்மா" என்றார்.

வேன் திரும்பி, ரோட்டைப் பிடித்து, கண்ணுக்கு மறைந்த பிறகும், அடுத்து ஒரு 'மற்றும்' வரும் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.